அத்தானுக்குப் பிடிக்காத சத்தம்

அத்தான், அந்தச் சத்தம் இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குசினி வாசற்படியில் குந்தியிருந்து அக்கா வெற்றிலை இடிக்கிறாள். டொங், டொங் என்று லிங்கநகரில் எங்கள் ஒழுங்கை முழுவதும் கேட்கும். பல் விழுந்த கிழடுகள் இரண்டுக்கு இடித்த வெற்றிலையை விட்டால் வாய்க்கு வேறு என்ன இருக்கிறது? உரல் இரும்பு. உலக்கை உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். உங்கள் லொறியிலிருந்து கழற்றிய எக்சோஸ்ட் வால்வு. நீளக் காம்பும் தட்டைத் தலையுமாக, காளானைப் போன்ற இரும்பு. தலையின் விளிம்பில் எலி கரம்பியது போல ஒரு துண்டு இல்லை.

இன்றைக்கு மத்தியானம் என் மருமகள் வந்து நின்றாள்.

"மாமா, பிள்ளை இப்பதான் கண்ணயர்ந்தவன். பெரிய மாமிக்கு ஒரு மர உலக்கை வாங்கிக் குடுப்பமே? உந்த இரும்புச் சத்தம் மண்டைக்குள்ள இறங்குது."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளைக்காரி, நித்திரை இல்லாதவள். ஆனால் 'சத்தம்' என்று அவள் வாயால் வந்ததும் எனக்கு உங்கள் மேல் உள்ள அருவருப்பு எழும்பியது. ஓடிக்கொலோன் வாசனை தெளித்து மடித்த லேஞ்சித் துணியை மூக்கில் பிடித்தபடி நீங்கள் என் முன்னால் வந்து நின்றீர்கள். செத்து இவ்வளவு காலமாகியும் அந்த லேஞ்சி இன்னும் கசங்கவில்லை.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லித்தானே ஊருக்கு முன்னால் சிரித்தீர்கள். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்த பக்கத்து வீட்டுக்காரர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நல்ல மனிதர். போனவருக்கு எழுதும் மடலில் 'அருவருப்பு' வேண்டாமே, 'மனவருத்தம்' என்று போடுவோமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மனவருத்தம் வேறு, அது வந்து போய்விட்டது. இது போகவில்லை.

உங்களுக்குச் சத்தம் ஆகாது. கல்யாணமாகி முதல் கிழமையே அக்காவின் காலில் கிடந்த கொலுசைக் கழற்றச் சொன்னீர்கள். வாளி கிணற்றுக்கட்டில் முட்டக்கூடாது. சட்டியில் அகப்பை தட்டக்கூடாது. விடியக் கூவுகிறது என்று ஒரு சேவலை அறுத்துக் கறி வைக்கச் சொன்னீர்கள். அந்தக் கறியையும் மெல்லுகிற சத்தம் கேளாமல் தின்றீர்கள். பாட்டுப் பாடிக்கொண்டு மா இடித்த என் அக்கா, உங்கள் வீட்டில் தும்மலைக்கூடச் சேலைத் தலைப்புக்குள் விட்டாள். நான் வரும்போதெல்லாம் சொண்டில் விரல் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். "அத்தான் படுத்திருக்கிறார். மெல்லக் கதை." நான் உங்கள் சம்பளக்கார டிரைவர். மெல்லத்தான் கதைத்தேன்.

லொறிக்கும் அதே சட்டம். அது நாலு சிலிண்டர் டீசல் லொறி, ஏற்கெனவே இரண்டு முதலாளிகளுக்கு உழைத்துக் களைத்தது. அந்தச் சாதி எஞ்சினுக்குத் தலையில் கொஞ்சம் டிக் டிக் என்ற சத்தம் இருக்கும். வால்வைத் தட்டித் திறக்கிற இரும்புக்கும் வால்வின் வாலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள், அதில் எழும்பும் சத்தம். டப்பெட் சத்தம் என்போம். எஞ்சின் சூடேறினால் வால்வு நீளும். நீளுவதற்கு இடம் வேண்டும், அதற்குத்தான் அந்த இடைவெளி. இது எனக்கும் அன்றைக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது டிக் டிக் என்று கேட்கிறது என்பது மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியைக் கழற்றி, ஸ்பேனர் சாவி போட்டு, இடைவெளியை இறுக்கி இறுக்கி, கடைசியில் ஒரு மயிர் நுழைய இடமில்லாமல் ஆக்கினீர்கள்.

லொறி தையல் மெஷின் போல ஓடியது. மீன் சந்தையில் ஆட்கள் சொன்னார்கள்: "முதலாளி, உங்கட லொறி வந்து நிண்டதே தெரியேல்லை." நீங்கள் சிரித்தீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. சத்தமில்லாத லொறியை ஓட்டுகிறவனுக்கும் ஒரு மதிப்பு இருந்தது.

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. லொறிக்கு ஒரு நட்டு வேண்டுமென்றாலும் செத்த லொறியிலிருந்துதான் கழற்ற வேண்டும். ஈச்சிலம்பற்றில் உங்கள் தாய்வீடு. அறுவடை வேலைக்கென்று அக்காவை அங்கே அனுப்பியிருந்தீர்கள். கருவாடு ஏற்றப் போன நாம், அவளையும் கூட்டி வருவதாக இருந்தது. போய்ப் பார்த்தால் அவள் பாயில் கிடக்கிறாள். உடம்பு கொதிக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து இருமுகிறாள். தலைப்பில் துருப்பிடித்த நிறத்தில் சளி.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் அத்தான்," என்றேன்.

"கொண்டுதானே போறம். முதல்ல மூட்டையை ஏத்து."

மூட்டை ஏற்றி முடிந்தது. சுறாக் கருவாடு, சரியாகக் காயாதது, மூட்டையின் அடியில் எண்ணெய் கசிந்தது, இலையான் மொய்த்தது. அக்காவைக் கைத்தாங்கலாக முன் சீட்டில் ஏற்றினேன். லொறி ஊர் எல்லை தாண்டவில்லை, நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள்.

"இவளின்ர இருமல் காதுக்குள்ள விழுது. பின்னால இருக்கட்டும். மூட்டை மூடுற படங்கைப் போர்த்துக்கொண்டு படுத்தா காத்தும் அடிக்காது."

அத்தான், அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் கோபம்கூட இல்லை. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போலச் சொன்னீர்கள். நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தேன், லொறியை எடுக்கவில்லை. அக்காதான் என் தோளைத் தட்டி, சண்டை வேண்டாம் என்று கண்ணால் காட்டிவிட்டு இறங்கினாள். கருவாட்டு மூட்டை மேல் ஏறிப் படுத்தாள். இன்றைக்கும் சந்தையில் சுறாக் கருவாட்டைக் கண்டால் நான் அங்கால் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டில் அதைச் சமைப்பதில்லை.

அந்தக் காலத்தில் அந்த றோட்டில் பாலங்கள் இல்லை. ஆறு வந்த இடமெல்லாம் லொறியை மிதவையில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். அந்த மிதவையைப் பாதை என்றுதான் சொல்லுவோம். கங்கை என்று நாம் சொல்லும் பெரிய ஆற்றின் துறைக்கு வரும் முன்னமே லொறிக்கு வலு குறைந்திருந்தது. சைலன்சரில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'புஸ்' என்று காற்றுப் போனது, மூக்கடைத்தவன் மூச்சு விடுவது போல. பாதையால் இறங்கி அக்கரை ஏற்றத்தில் முன் சில்லு ஏறியது, பின் சில்லு ஏறவில்லை. எஞ்சின் நடுங்கி, கறுப்புப் புகை கக்கி நின்றது. பாதைக்காரர்களும் நின்றவர்களும் கயிறு போட்டு இழுத்துத்தான் மேட்டில் விட்டார்கள். மழை தூறத் தொடங்கியது.

"மூட்டையை இறக்குவம் அத்தான்," என்றேன். "வெறும் லொறி எண்டா மெல்ல மெல்ல ஊர்ந்தாவது போகும். அக்காவைச் சேர்த்துப்போட்டு வாறன்."

"கருவாடு நனைஞ்சா ஆர் பொறுப்பு? நீயோ?"

பஸ் அன்றைக்கு வரவில்லை. பாதைக்கார மனிதர் ஒருவர், அக்காவைப் பார்த்துவிட்டு, தன்னுடைய மாட்டு வண்டியில் அடுத்த ஊரான கிண்ணியா வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன், அங்கே ஏதாவது வாகனம் பிடிக்கலாம் என்றார்.

"லொறிக்காரன்ர பெண்சாதி மாட்டு வண்டியில போறதோ? ஊர் என்ன சொல்லும்?"

அந்த மனிதர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். காறித் துப்பினார். நிலத்தில்தான் துப்பினார், ஆனால் உங்களைப் பார்த்துக்கொண்டு துப்பினார். பிறகு அக்காவைத் தங்கள் கொட்டிலுக்குள் கூட்டிப்போய் இருத்தி, சுடச்சுடப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். சைக்கிளில் ஒருவர் கிண்ணியாவுக்குப் போய் பாஸைக் கூட்டி வந்தார். எஞ்சின் திருத்துகிறவரைப் பாஸ் என்போம், இவர் கராச் வைத்திருந்த முஸ்லிம் மனிதர். பெரிய வாய், அதைவிடப் பெரிய வயிறு.

"என்ன முதலாளி, பூனை மாதிரி ஓடின லொறி பூனை மாதிரியே படுத்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டுதான் சைக்கிளால் இறங்கினார்.

டீசலில் தண்ணீர் என்றேன் நான். பம்பு பழுது என்றீர்கள் நீங்கள். பாஸ் இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு லொறியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அது நொண்டி நொண்டி ஓடியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்த எஞ்சினின் தாளம் மாறியது. அடுத்ததற்கும் மாறியது. மூன்றாவதைத் தளர்த்த ஒன்றும் மாறவில்லை.

"ஆள் இவர்தான். இவர் எப்பவோ வேலையை விட்டிட்டார். மற்ற மூண்டு பேரும் சுமக்கினம்."

டீசல் தெளிக்கிற மூக்கைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தார். அப்போதும் மூன்றாவதுதான் செத்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு அதைக் கையால் மெல்லச் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன். மூன்று இடத்தில் கை முட்டி நின்றது. ஒரு இடத்தில் மட்டும் எதிர்ப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

பாஸ் சேற்றில் முழங்கால் குத்தி, சைலன்சர் வாயில் காதை வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோ. தம்பி, திரும்பச் சுத்து."

உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். துறை முழுவதும் வாயை மூடியது. நான் சுற்றினேன். அந்த வழுக்கும் இடத்தில் சைலன்சருக்குள் 'உஸ்ஸ்' என்று கேட்டது. நான் கையை நிறுத்தினேன். உஸ்ஸ் நிற்கவில்லை. பாஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு கொட்டில் பக்கம் பார்த்தார். அது அக்காவின் நெஞ்சு. தலைப்பு வாயில் இருக்க, மூச்சு உள்ளே போகவும் ஏலாமல் வெளியே வரவும் ஏலாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்," என்றார் பாஸ். "சைலன்சருக்குள்ள காத்துப் போகுதெண்டா எக்சோஸ்ட் வால்வு எரிஞ்சு போச்சு. எஞ்சின் ஹெட்டைக் கழட்டவேணும். இஞ்சயே செய்வம், அந்தத் தங்கச்சிக்காகச் செய்வம்."

நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் தெரியுமா? மூட்டை மேல் படங்கு சரியாக மூடியிருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்தீர்கள்.

தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, மேல் மூடியைத் திறந்தபோதே பாஸ் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது சிலிண்டரின் எக்சோஸ்ட் வால்வு வாலுக்கு மேல் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மற்றதைப் பார்த்தார். அதிலும் நுழையவில்லை. "ஆர் இதை இறுக்கினது?" என்றார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீண்ட தள்ளுகம்பிகளை உருவி, இடம் மாறாமல் இருக்க ஈரமணலில் வரிசையாகக் குத்தி வைத்தோம். இரண்டு பேர் பிடித்து ஹெட்டைத் தூக்கினோம். தென்னோலைக் கிடுகுக்குக் கீழே வைத்துக் கவிழ்த்தோம். கரியும் எண்ணெயும் கருவாட்டு நாற்றமும் ஒன்றாக எழும்பின. ஸ்பிரிங்கை அமுக்கி, பூட்டுத் துண்டுகளை எடுத்து, வால்வை உருவினார் பாஸ். விளிம்பில் ஒரு துண்டு எரிந்து காணாமல் போயிருந்தது.

"பாருங்கோ முதலாளி. இது சூட்டில நீளும். நீள இடம் விடேல்லை. அப்ப முழுக்க மூட ஏலாது. மூடாத இடத்தால நெருப்புப் போய்ப் போய்த் தின்னுட்டுது. ஏன் இப்பிடி இறுக்கினீங்கள்?"

"சத்தம் போட்டுது," என்றீர்கள்.

பாஸ் சிரிக்கத் தொடங்கி, உங்கள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டார். அதுவரைக்கும் வாய் மூடாத மனிதர், அதற்குப் பிறகு உங்களோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

புது வால்வுக்கு எங்கே போவது? அவருடைய கராச் மூலையில் அதே சாதி லொறியின் ஹெட் ஒன்று கிடந்தது. அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழியை எழுப்பி ஹெட்டையே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கோழிப் பீயைச் சுரண்டி, உள்ளதுக்குள் நல்ல வால்வாக ஒன்றைத் தெரிந்து, மண்ணெண்ணெயில் கழுவினார் பாஸ். அது குந்துகிற வட்டத்தில் அரைக்கும் பசையைப் பூசி, வால்வுத் தலையில் பொருத்திய தடியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, மோர் கடைவது போல முன்னும் பின்னும் உருட்டினார். கர் கர் என்று வெகுநேரம் போனது. துடைத்துப் பார்ப்பார், உருட்டுவார், திரும்பத் துடைப்பார். கடைசியில் பூட்டி, குழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரு துளியும் கீழே கசியவில்லை. "இனி மூச்சு உள்ளுக்கு நிக்கும்," என்றார்.

பழைய கேஸ்கட்டுக்கு இரண்டு பக்கமும் கிறீஸ் பூசி வைத்து, ஹெட்டை இறக்கி, நட்டுகளை நடுவிலிருந்து வெளியே சிறிது சிறிதாக இறுக்கினோம். எல்லா வால்வுக்கும் தகடு வைத்து இடைவெளி விட்டார் பாஸ். ஸ்டார்ட் பண்ணினேன். நாலு சிலிண்டரும் பிடித்தது. கூடவே டிக் டிக் டிக் என்று எஞ்சின் தலை தட்டத் தொடங்கியது.

அப்போது நீங்கள் சொன்னதை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன்.

"சத்தம் கேக்குதே பாஸ். கொஞ்சம் இறுக்கிவிடுங்கோவன்."

பாஸ் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். கொட்டில் வாசலில் அக்கா கம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அப்படி ஒரு இருமல் நான் கேட்டதில்லை. துறை முழுவதும் கேட்க, அக்கரைக்குக் கேட்க இருமினாள். இருமி முடிந்து, மூச்சு வாங்கிச் சொன்னாள்:

"இருக்கட்டும் பாஸ் அண்ணா. அது சத்தம் போடட்டும்."

பிறகு சேற்றில் கிடந்த எரிந்த வால்வைக் குனிந்து எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். முன் சீட்டில் ஏறி இருந்தாள். நீங்கள்தான் பின்னால் கருவாட்டு மூட்டையில் ஏறினீர்கள். நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உங்களால் இருக்க ஏலாமல் போயிற்று. வழி முழுவதும் அவள் இருமினாள், எஞ்சின் தட்டியது. இரண்டையும் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

பெரியாஸ்பத்திரியில் பொழுதுபடச் சேர்த்தோம். நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. ஊசி போட்டு, நீரை எடுத்து, பிழைக்க வைத்தார்கள். முதல் நாள் நேர்ஸ் ஒருத்தி, வயதான மனிசி, உங்களைப் பார்த்துக் கேட்டாள்:

"இவ்வளவு நாளும் இந்த மனிசி இருமினது வீட்டில ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

நீங்கள் லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தீர்கள்.

சுகமாகி வீட்டுக்கு வந்த அன்றே அக்கா அந்த வால்வைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினாள். நீங்கள் மத்தியானம் படுக்கப் போனதும், இரும்புரலை எடுத்து வைத்து இடிக்கத் தொடங்கினாள். அப்போது அவளுக்குப் பல் இருந்தது, இடிக்கத் தேவையே இல்லை. "என்ன சத்தம் அங்கே?" என்று கேட்டீர்களாம். "வால்வு," என்றாளாம். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை. மத்தியான நித்திரைக்கு லொறிக்குள் போய்ப் படுக்கத் தொடங்கினீர்கள்.

கடைசியில் உங்களுக்கு ஒரு பக்கம் இழுத்தது. கையும் காலும் விழுந்து, வாயும் கோணி, கட்டிலோடு கிடந்தீர்கள். பார்க்க வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதே வால்வால் வெற்றிலை இடித்து, விரலால் எடுத்து உங்கள் வாய்க்குள் வைத்தாள். நீங்கள் தின்றீர்கள். சிவந்த எச்சில் நாடியால் வழிந்தது. மெல்லுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பேச்சையும் சிரிப்பையும் தவிர்த்தால், உங்களிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். நான் வெளியே வந்து வேலியோரம் துப்பினேன்.

"இந்த மனிசனுக்கு எதுக்கு இடிச்சுக் குடுக்கிறாய்?" என்று பிறகு அவளைக் கேட்டேன்.

"கேக்கட்டும் எண்டுதான்," என்றாள். "இப்ப எழும்பிப் போகவும் ஏலாது."

இவ்வளவையும் சொல்லி முடித்தேன் அத்தான். மருமகளிடம் மர உலக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனாள், அங்கே அவன் தூங்கிவிட்டான். உங்கள் காணி, உங்கள் லொறி, உங்கள் ஓடிக்கொலோன் போத்தல், ஒன்றும் எங்களிடம் இல்லை. இந்த எரிந்த இரும்பு மட்டும் இருக்கிறது. அதில் இடித்ததைத் தின்னும்போது ஒவ்வொரு முறையும் அந்தத் துறையின் கரியும் கருவாடும் என் தொண்டையில் வருகிறது. வந்தாலும் தின்கிறேன்.

பின்னால் இடி நின்றது. அக்கா எட்டிப் பார்க்கிறாள்.

"என்னடா, பிள்ளை படுத்திட்டானோ? சத்தம் கூடிப் போச்சோ?"

"இல்லையக்கா. நீ இடி."